குணமாகாத நோய்க்கு நரம்பியல் டாக்டரிடம் ஏன் போய்க்கொண்டே இருக்க வேண்டும்?

#1 வெண்மதி

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. கை நடுங்கி, உடம்பு விறைத்து, நடை தளரும் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த வாரம் வீட்டில் ஒரு வாக்குவாதம். அதனால்தான் இந்த இழை.

அண்ணன் சொல்கிறான்: "குணமாகாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மாத்திரை பெயரும் நமக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு ஒரு முறை அப்பாவை ஏற்றி இறக்கிக் கூட்டிப் போய், ரெண்டு மணி நேரம் காத்திருந்தால், கையைத் தட்டு, எழுந்து நட என்று பார்த்துவிட்டு அனுப்புகிறார். இதற்கு எதற்கு இந்த அலைச்சல்?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. போக வேண்டும் என்று மனசு சொல்கிறது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முதல் நாளிலும் ஸ்கேன் பார்த்து அவர் நோயைச் சொல்லவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. விரலைத் தட்டச் சொல்லி, நடக்கவிட்டு, பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். போன முறை, "ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம்" என்று ஒரு படிவமும் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அண்ணனுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது, அப்பாவை வைத்து எதையோ சோதிக்கிறார்களோ என்று.

இந்தத் துறையில் இருப்பவர்களோ, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களோ சொல்லுங்கள்.

#2 கோலமயில்

மாமியாருக்கு டிமென்ஷியா, மறதி நோய். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். பதில் வந்தால் நானும் படித்துக்கொள்கிறேன்.

#3 உற்றுநோக்கி

வெண்மதி, நான் நரம்பியல் மருத்துவர். பார்க்கின்சன், நினைவை அழிக்கும் அல்சைமர், தசைகளைச் செயலிழக்கவைக்கும் ஏ.எல்.எஸ். மாதிரி நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிகிற நோய்கள்தான் என் அன்றாட வேலை. வாரத்தில் மூன்று நாள் நோயாளிகள், இரண்டு நாள் ஆராய்ச்சி. உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள்தான் அதை நோயாளியின் வீட்டாருக்கு விளக்கிச் சொல்வதில்லை.

முதலில் அந்த விரல் தட்டுவது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகட்டி, வேகமாகத் தட்டச் சொல்வோம். முதல் நான்கைந்து தட்டு ஒழுங்காக இருக்கும். அப்புறம் விரல்களுக்கு நடுவே இடைவெளி குறையத் தொடங்கும். பத்தாவது தட்டு வரும்போது விரல் இரண்டும் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். வெறும் வேகக்குறைவு என்றால் மூட்டு வலியாலும் வரலாம், களைப்பாலும் வரலாம். இப்படிப் படிப்படியாகச் சுருங்குவதைத்தான் நாங்கள் தேடுகிறோம். அப்பாவின் கையெழுத்து ஒரு வரிக்குள்ளேயே சிறுத்துக்கொண்டு போகிறதா என்று கவனித்துப் பாருங்கள். அதுவும் இதேதான்.

பின்னாலிருந்து இழுப்பது, சமநிலை தவறும்போது கால் எத்தனை அடி பின்வாங்கிச் சமாளிக்கிறது என்று பார்க்க. ஓரிரு அடியில் நின்றுவிட்டால் நல்லது. பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார் என்றால் வீட்டில் பல ஏற்பாடுகளை மாற்ற வேண்டும்.

பார்க்கின்சனில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதை எடுப்பதே வேறு காரணம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று பார்க்கத்தான்: சின்னச் சின்ன பக்கவாதங்கள், மூளைக்குள் நீர் தேங்குவது, கட்டி. சில மாத்திரைகள்கூட அச்சு அசலாகப் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள், வாந்தியை நிறுத்தும் சில மருந்துகள் எல்லாம் இந்த வகை. அதனால்தான் வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று கெஞ்சுகிறோம்.

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். 1992-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது. உயிரோடு இருந்தபோது நரம்பியல் நிபுணர்கள் பார்க்கின்சன் என்று முடிவு செய்திருந்த 100 பேரின் மூளையை, இறந்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 76 பேருக்குத்தான் அது பார்க்கின்சன். மீதி 24 பேருக்கு வேறு ஏதோ. அந்தக் கணக்கைப் படித்த நாளிலிருந்து, முதல் நாள் நான் எழுதும் நோயின் பெயருக்குப் பக்கத்தில் மனதுக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்வது என் பழக்கம். இன்றைக்குத் துல்லியம் கூடியிருக்கிறது, அதிலும் நடுக்க நோய்களையே தனியாகப் பார்க்கும் கிளினிக்குகளில். ஆனால் அது கூடியதே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான். ஒரு வருடத்துக்குள்ளேயே ஒருவர் பின்பக்கமாக விழ ஆரம்பிக்கிறார், கண்ணைக் கீழே இறக்கிப் படியைப் பார்க்க முடியவில்லை என்றால் அது வேறு நோய். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி, சிறுநீரும் கட்டுப்படவில்லை என்றால் இன்னொரு நோயை யோசிக்க வேண்டும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரைக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் ஒரு பரிசோதனைதான். நான்கு மாதத்துக்கு ஒரு முறை அவர் பார்க்கும்போதெல்லாம், முதல் நாள் சொன்னது இன்னும் சரியா என்றும் சேர்த்தே பார்க்கிறார்.

சரி, மாத்திரை. உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதுதான் பிரச்சினை என்றால் டோபமைனையே கொடுக்கலாமே என்று தோன்றும். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முந்தைய வடிவமான லெவோடோபா நுழையும். 1957-ல் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ஒரு மருந்தைக் கொடுத்து அசையாமல் படுக்கவைத்தார், பிறகு லெவோடோபா கொடுத்தார், அவை எழுந்துவிட்டன. 1960-ல் வியன்னாவில் ஹார்னிகேவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருப்பதைக் காட்டினார். அடுத்த வருடமே நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். வாய்வழியாக, சிறிது சிறிதாகக் கூட்டி, நீண்ட நாள் கொடுக்கலாம் என்று 1967-ல் காட்டியவர் கோட்சியாஸ். இன்றைக்கு அப்பா விழுங்கும் மாத்திரை அங்கிருந்துதான் வருகிறது.

முதல் சில வருடங்கள் அந்த மாத்திரை நாள் முழுவதும் தாங்கும். அப்புறம் மூளையில் டோபமைனைச் சேமித்துவைக்கும் அணுக்கள் குறையக் குறைய, மாத்திரை உள்ளே போனால் நல்ல நேரம், தீர்ந்தால் கெட்ட நேரம் என்று நாள் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். கூடப்போனால் கை கால் தானாக நெளியும், குறைந்தால் உறைந்து நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும். அது ஆளுக்கு ஆள் வேறு, வருடத்துக்கு வருடம் குறுகும். அந்த வழியைத் தேடிக்கொண்டே இருப்பதுதான் "கட்டுக்குள் வைப்பது". மாத்திரை பெயர் தெரிந்தால் போதும் என்று அண்ணன் சொல்வதில் இந்த இடம்தான் இடிக்கிறது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: எந்தக் காரணத்துக்காகவும் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

#4 வெண்மதி

டாக்டர், மிக்க நன்றி. அண்ணனுக்கு அப்படியே படித்துக்காட்டினேன். 24 பேர் என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை படி என்றான்.

அம்மா ஒரு விஷயம் சொல்கிறார். கை நடுங்குவதற்கு ஏழெட்டு வருடம் முன்பே அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டதாம். கேஸ் கசிந்த அன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் தூக்கத்தில் கத்துவார், யாரையோ உதைப்பதுபோல் காலை வீசுவார். அம்மாவுக்கு ஒரு முறை கண்ணுக்குக் கீழே அடிபட்டுவிட்டது. அதிலிருந்து தனிக் கட்டில். இதெல்லாம் சம்பந்தப்பட்டதா?

#5 நுண்ணோக்கி

சம்பந்தம் இருக்கிறது, அக்கா. நான் டாக்டர் இல்லை. தானமாக வந்த மூளைகளைப் பாதுகாக்கும் இடத்தில் ஆய்வு மாணவன்.

நடுமூளையைக் குறுக்காக வெட்டினால், இரண்டு பக்கமும் மை தடவிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். சப்ஸ்டன்ஷியா நைக்ரா என்பார்கள், கரும்பொருள் என்று அர்த்தம். டோபமைன் செய்யும் அணுக்களில் ஒரு கறுப்பு நிறமி இருப்பதால் அந்த நிறம். முதல் நாள் என் பேராசிரியர் இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கோடு பளிச்சென்று இருந்தது. இன்னொன்றில் அந்த இடம் மங்கி, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நுண்ணோக்கி எதுவும் தேவைப்படவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அன்று மதியம் முழுக்க என்னால் யாரோடும் சரியாகப் பேச முடியவில்லை.

மிஞ்சியிருக்கும் அணுக்களுக்குள் உருண்டை உருண்டையாகத் தெரிவதை 1912-ல் லூயி என்பவர் முதலில் விவரித்தார். மூளையின் வேறு பகுதிகளில் அவர் பார்த்தார், நைக்ராவில் 1919-ல் ட்ரெட்டியாகாஃப் பார்த்தார். அந்த உருண்டை எதனால் ஆனது என்று 1997-ல்தான் தெரிந்தது: ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம், மடிப்பு கலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. 2003-ல் பிராக் என்ற ஜெர்மானிய உடற்கூறு அறிஞரும் அவர் குழுவும் ஒரு படிவரிசையைச் சொன்னார்கள். மோப்ப நரம்புப் பகுதியிலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் இந்தப் புரதம் முதலில் சேர்கிறது, நைக்ராவுக்குப் பிறகுதான் வருகிறது என்று. எல்லாருக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. ஆனால் வாசனை போவதும், கனவுக்கு ஏற்றபடி கை காலை வீசுவதும், மலச்சிக்கலும் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வருவதற்கு இது நல்ல விளக்கம்.

கனவில் உதைப்பவர்கள் 1280 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து பார்த்து 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. 12 வருடத்தில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்க்கின்சனோ அதன் உறவு நோய்களோ வரும் என்று அதில் கணக்கிட்டார்கள். அழிவு தொடங்கும்போதே தடுக்க ஒரு மருந்து வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் கொடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் அம்மா சொன்ன மாதிரி வீட்டுக்காரர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கதவே திறந்தது.

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்ற நர்ஸ், கணவரின் உடல் வாசனை மாறிவிட்டதை நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பே உணர்ந்தார். பிற்பாடு நோயாளிகள் கூட்டம் ஒன்றில் எல்லாரிடமும் அதே வாசனை. ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பிப் பரிசோதித்தார்கள். தோலின் எண்ணெய்ப் பசையில் என்ன மாற்றம் என்று இப்போது வேதியியல் முறையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

#6 ஓடம்

எல்லாம் சரி. ஆனால் அல்சைமர் பக்கம் பார்த்தால் எனக்கு ஆறவில்லை. அம்மாவுக்கு அது வந்து ஒன்பது வருடம். இப்போது என்னை அவருடைய தம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை முறை "திருப்புமுனை மருந்து" என்று செய்தி படித்தேன் தெரியுமா? டாக்டர், ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தப் புது ஊசி மருந்துகளால் என்ன பயன்?

#7 உற்றுநோக்கி

தம்பி, ஒளிக்காமலே சொல்கிறேன்.

லெக்கனமாப் என்ற மருந்துக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. ஆரம்ப நிலையில் இருந்த சுமார் 1800 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். நினைவையும் அன்றாடச் செயல்களையும் அளக்கும் 18 புள்ளி அளவுகோல் ஒன்றில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. செய்தித்தாளில் 27 சதவீதம் என்று வந்தது இதேதான். இரண்டும் உண்மை. சரிவு நிற்கவில்லை, சற்று மெதுவானது. வீட்டில் இருப்பவருக்கு அது கண்ணுக்குத் தெரியுமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. எட்டுப் பேரில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பெரும்பாலானோருக்குத் தொந்தரவு இல்லாமல் போய்விடும், சிலருக்கு ஆபத்தாகலாம். அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.இ.-4 மரபணு இரண்டு பிரதி இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் மரபணுச் சோதனை, அடிக்கடி எம்.ஆர்.ஐ. எல்லாம் சேர்ந்தே வரும்.

உங்கள் அம்மா இருக்கும் நிலையில் இதைக் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் பயன் இருக்கும் என்று காட்டும் ஆதாரம் இல்லை. இந்த வாக்கியத்தை எதிரே உட்கார்ந்திருக்கும் மகனிடமோ மகளிடமோ சொல்வதுதான் என் வேலையில் கடினமான பகுதி.

ஆனாலும் நான் இதை ஒன்றுமில்லை என்று தள்ள மாட்டேன். 1901-ல் பிராங்க்ஃபர்ட்டில் 51 வயதுப் பெண் ஒருவரை அலோய்ஸ் அல்சைமர் பார்த்தார். பெயரைக் கேட்டார், கணவர் பெயரைக் கேட்டார், ஒரு பொருளைக் காட்டி அது என்னவென்று கேட்டார். ஒவ்வொரு பதிலையும் அப்படியே எழுதிவைத்தார். 1906-ல் அந்தப் பெண் இறந்ததும் மூளையை வரவழைத்துப் பார்த்து, வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் விவரித்தார். கேள்வி கேட்டவரும் நுண்ணோக்கியில் பார்த்தவரும் ஒரே ஆள். தொலைந்துபோனதாக நினைத்த அந்த நோயாளியின் கோப்பு 1995-ல் பிராங்க்ஃபர்ட்டிலேயே கிடைத்தது. அந்தத் திட்டுகளில் உள்ள ஆமிலாய்டு என்ற புரதத்தை 1984-ல் பிரித்தெடுத்தார்கள். உயிரோடு இருப்பவரின் மூளையில் அதைப் படம்பிடிக்க 2004-ல் வழி வந்தது. 2025-ல் அதை மறைமுகமாகக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நூறு வருடத்தில் முதல் முறையாக, நோயின் அடிப்படையில் இருக்கும் ஆமிலாய்டை இந்த ஊசியால் குறைத்தால் சரிவு கொஞ்சமாவது மாறுகிறது என்று தெரிந்திருக்கிறது. போதாது. எனக்கும் போதவில்லை.

அம்மா உங்களைத் தம்பி என்று நினைக்கும்போது திருத்தாதீர்கள். அவருக்குத் தம்பியைப் பிடிக்கும்தானே? அந்தப் பாசத்தோடு பேசட்டும். இன்னொன்று: திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் கூடினால் அது அல்சைமர் முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை, காது கேட்கும் கருவி பழுது, இதில் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

#8 ஓடம்

பிடிக்கும், டாக்டர். மாமா இறந்து இருபது வருடம் ஆகிறது. இதுவரை ஒவ்வொரு முறையும் "நான் உன் மகன்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

#9 சாயங்காலம்

நான் ஏ.எல்.எஸ். நோயில் கணவரை இழந்தவள். வெண்மதி, உன் அண்ணனிடம் இதையும் படித்துக்காட்டு.

அந்த நோய்க்கு அப்போது இருந்தது ரிலுசோல் என்ற ஒரே மாத்திரைதான். ஆயுளைச் சில மாதம் நீட்டும், அவ்வளவுதான் என்று டாக்டரே சொன்னார். அப்புறம் ஒவ்வொரு முறையும் அவர் கேட்ட கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது: "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்?" முதலில் ஒன்று என்றேன். அடுத்த முறை இரண்டு. மூன்றாவது முறை, மூன்று வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார், காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறார் என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூச்சை இழுக்கும் உதரவிதானம் தளர்ந்துவிட்டது, படுத்தால் மூச்சு போதவில்லை, ராத்திரி கரியமில வாயு தேங்குவதால்தான் தலைவலி என்று விளக்கி, அன்றைக்கே மூச்சு அளவைப் பார்த்து, இரவில் போடும் முகமூடிக் கருவிக்கு எழுதிக்கொடுத்தார். அதை மாட்டிய மூன்றாம் நாள் காலை அவர் தலைவலி இல்லாமல் எழுந்தார். அதற்குப் பிறகு 14 மாதம் எங்களோடு இருந்தார்.

பேச்சு குழறத் தொடங்கும் முன்பே அவர் குரலைப் பதிவு செய்துவைக்கச் சொன்னதும் அந்த டாக்டர்தான். பேத்தியின் பெயரை அவர் கூப்பிட்டது என்னிடம் இருக்கிறது.

கடைசியில் மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தோம். அது அவர் எழுதிக்கொடுத்த விருப்பம். யாரும் வற்புறுத்தவில்லை.

#10 நுண்ணோக்கி

அம்மா, உங்களைப் போன்றவர்கள் கொடுத்ததைத்தான் நான் தினமும் கையில் எடுக்கிறேன். எஸ்.ஓ.டி.1 மரபணுவில் பிழை இருந்தால் ஏ.எல்.எஸ். வரும் என்று 1993-ல் குடும்பங்களின் ரத்தத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். அந்தப் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் வேலை செய்யும் டோஃபர்சன் மருந்துக்கு 2023-ல் அனுமதி வந்தது. மிகச் சிறிய கூட்டத்துக்குத்தான் அது. ஆனாலும் வந்துவிட்டது.

#11 பாதி_வாய்ப்பு

எனக்கு ஒரு சின்னக் கேள்வி. அப்பாவுக்கு ஹன்டிங்டன் நோய், பரம்பரையாக வந்து மூளை அணுக்களை அழிப்பது. எனக்கு வர 50 சதவீத வாய்ப்பு. 29 வயது, இன்னும் எந்த அறிகுறியும் இல்லை. சோதனை செய்துகொள்ள வேண்டுமா?

#12 உற்றுநோக்கி

வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லக் கூடாது. உங்கள் டாக்டரும் சொல்லக் கூடாது. 1993-லிருந்து அந்த மரபணுவை நேரடியாகச் சோதிக்க முடிகிறது. முடிவு வந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் மரபணு ஆலோசகரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பேசிய பிறகுதான் ரத்தம் எடுப்போம். ரத்தம் கொடுத்த பிறகும், முடிவைக் கேட்காமல் போய்விட உங்களுக்கு உரிமை உண்டு. நான்சி வெக்ஸ்லர் தன் தாயை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். வெனிசுவேலாவில் மரகாய்போ ஏரிக்கரைக் குடும்பங்களிடம் வருடா வருடம் போய், மரபணுவைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தவர். தனக்கும் அந்த நோய் இருப்பதை 2020-ல்தான் வெளியே சொன்னார். அவ்வளவு தெரிந்தவருக்கே அது தனக்குரிய நேரத்தில் சொல்ல வேண்டிய விஷயமாக இருந்தது. குழந்தை பெறுவது பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் மட்டும் ஆலோசகரைச் சீக்கிரம் பாருங்கள், அதற்குத் தனி வழிகள் இருக்கின்றன.

#13 வெண்மதி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடுவில் அப்பா விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பை நன்றாகப் பார்த்தார்கள். ஆனால் பார்க்கின்சன் மாத்திரையை அவர்கள் எல்லாருக்கும் மருந்து கொடுக்கும் நேரத்தில்தான் கொடுப்போம் என்றார்கள். 8 மணி மாத்திரை பத்தேகாலுக்கு வந்தது. இரண்டாம் நாள் குமட்டலுக்கு ஏதோ ஊசி போட்டார்கள், அன்று மாலை அப்பாவால் கட்டிலில் திரும்பிக்கூடப் படுக்க முடியவில்லை. முகம் கல் மாதிரி இருந்தது. அண்ணன்தான் இந்த இழையில் டாக்டர் எழுதியதை ஞாபகம் வைத்திருந்து, அந்த ஊசியின் பெயரை எழுதி வாங்கி எங்கள் நரம்பியல் டாக்டருக்கு ஃபோன் செய்தான். அவர் அங்கிருந்த டாக்டரிடம் பேசி, அந்த ஊசியை நிறுத்தி, மாத்திரையை எங்கள் கையிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தார். இரண்டு நாளில் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

#14 உற்றுநோக்கி

அண்ணன் செய்தது மிகச் சரி. மூளையில் டோபமைனைத் தடுக்கும் வாந்தி மருந்துகள் இவர்களுக்கு ஆகாது. பெயரை ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள், மாத்திரை நேரத்தையும் சேர்த்து.

அடுத்த முறை போவதற்கு முன் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் பிடித்தது, எப்போது தீர்ந்தது, எப்போது சாப்பிட்டார். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு மாத்திரை சரியாகப் பிடிக்காது. நாங்கள் அவரைப் பதினைந்து நிமிடம்தான் பார்க்கிறோம், அதுவும் அன்று மாத்திரை பிடித்திருக்கும் நேரமாக இருந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

#15 வெண்மதி

அண்ணன் எடுத்த குறிப்பிலிருந்து ஒரு நாள்:

8.00 மாத்திரை. 8.40 கை தளர்ந்தது. 9.10 சட்டைப் பொத்தான் தானே போட்டார், 4 நிமிடம். 11.30 கால் வாசற்படியில் ஒட்டிக்கொண்டது. 11.50 பேச்சு தணிந்துவிட்டது. 1.00 மாத்திரை, சாப்பாட்டோடு. 2.30 வரை ஒன்றும் பிடிக்கவில்லை.

டாக்டர் அந்தத் தாளைப் பத்து நிமிடம் பார்த்தார். மூன்று வேளையை ஐந்து சிறிய வேளையாகப் பிரித்தார், மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளினார். இப்போது பதினொன்றரை மணிக்கு அப்பா வாசலைத் தாண்டிப் போகிறார்.

அந்த ஆராய்ச்சிப் படிவத்தை அண்ணன் முழுக்க உட்கார்ந்து படித்தான். வருடத்துக்கு ஒரு முறை ரத்தம், முதுகுத்தண்டு நீர், நடையை அளப்பது. புது மருந்து எதுவும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். முடிவை அப்பாவிடமே விட்டோம். சேர்கிறேன் என்றார். கையெழுத்துப் போடக் கொடுத்தபோது மணி ஏழரை. "இப்போ வேண்டாம், எழுத்து எறும்பு மாதிரி வரும். ஒன்பது மணிக்குக் கொடு" என்றார். ஒன்பதே காலுக்குப் போட்டார், முழுப் பெயரும், பெரிய எழுத்தில்.